ஆணித்துளைகளின் கணக்கு

"வீட்டில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது." சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. வாடகை எவ்வளவு, முன்பணம் எத்தனை மாதம், தண்ணீர் லாரி தெருவுக்குள் வருமா என்ற விசாரணைகளெல்லாம் முடிந்து, சாவியைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரர் கடைசியாகச் சொல்லும் வாக்கியம் அது. நாங்களும் சொல்லியிருக்கிறோம். சொன்னபோது அதில் பிழையேதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. சுவர் எங்களுடையது, வண்ணம் பூசச் செலவழித்ததும் நாங்கள்தாம். பிழை எங்கே இருந்தது என்பது விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன. விளங்கியதை எழுதிவைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'நாங்கள்' என்பது அண்ணன், தம்பி, தங்கை என்று மூவர். எங்கள் தந்தையார் 1986இல் அலுவலகக் கடன் பெற்று மேற்கு சைதாப்பேட்டையில் ஒரு வீடு கட்டினார். கீழே ஒரு பகுதி, மேலே ஒரு பகுதி. தந்தையார் மறைந்த பின்னர் அம்மா எங்களில் ஒருவரோடு வந்துவிட்டார். மேல்பகுதியில் பழைய சாமான்களும் புத்தகங்களும் கிடந்தன. கீழ்ப்பகுதியை 2013இல் வாடகைக்கு விட்டோம். மூவரில் ஒருவரும் அந்தத் தெருவில் இல்லை. ஆகவே எங்களைப் பொறுத்தவரை அந்த வீடு மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கில் வந்து விழும் ஒரு தொகை. எப்போதாவது வரும் ஒரு தொலைபேசி அழைப்பு. அவ்வளவே.

வாசகர்கள் என்ற முறையில் நாங்கள் எப்போதும் குடியிருப்பவர் பக்கம்தான் நின்றிருக்கிறோம். நவீனத் தமிழ்ப் புனைகதையில் நகரம் பெரும்பாலும் வாடகை வீட்டின் ஜன்னல் வழியாகவே பார்க்கப்பட்டிருக்கிறது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்தவர்களுக்கு, சென்னையில் ஒரு குடித்தனத்துக்கு ஒரு குடம் தண்ணீர் என்ன பொருள் பெறும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய கதைகளில் வீட்டுக்காரர் பெரும்பாலும் ஒரு குரலாக மட்டுமே வருவார்; மாடிப்படியிலிருந்து அதட்டும் குரல். அந்தக் குரலை நாங்கள் வெறுத்தோம். அதே குரல் எங்கள் தொண்டையிலிருந்து வந்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைகளில் சொல்லப்படுவது குறித்து எங்களுக்கு இருக்கும் தயக்கத்துக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

நிற்க. நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

குடிவந்தவர் ஒரு தமிழாசிரியர். மனைவி, பள்ளி செல்லும் மகள், வயதான தாயார் என்று நான்கு பேர். வாடகை 10,000 ரூபாய். சென்னையின் வழக்கப்படி பத்து மாத வாடகை, அதாவது ஒரு லட்சம் ரூபாய், முன்பணம். ஆறு ஆண்டுகள் இருந்தார்கள். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. 2019 மே மாதம், கோடையின் உச்சத்தில், ஆழ்குழாய்க் கிணறு வற்றி லாரித் தண்ணீருக்கும் வழியில்லாமல் போனபோது, செங்கல்பட்டுப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு காலி செய்தார்கள்.

நாங்கள் மூவரும் சாவி வாங்கப் போனோம். சாமான்கள் ஏற்றப்பட்டுவிட்ட வெற்று வீட்டைச் சுற்றிவந்து ஒரு பட்டியல் போட்டோம். கூடத்திலும் அறைகளிலும் பதினான்கு ஆணித்துளைகள். ஒரு சுவரில் வண்ண மெழுகுக் கிறுக்கல்கள். கதவோரம் அந்தப் பெண்ணின் உயரத்தை ஆண்டுதோறும் குறித்த பென்சில் கோடுகள். குளியலறையின் வெளிச்சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பெயர்ந்திருந்தது. படுக்கையறைக் கதவு அடியில் ஊறிப்போய் உப்பியிருந்தது. வாஷ்பேசினில் ஒரு விரிசல். வீடு முழுக்க வண்ணம் பூச 22,000, குளியலறைச் சுவருக்கு 9,000, கதவுக்கு 4,500, வாஷ்பேசினுக்கு 2,500. ஆக மொத்தம் 38,000 ரூபாய். மீதி 62,000 ரூபாயைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டோம். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவிதான், "அந்தச் செவுத்தப் பத்தி மூணு தடவ போன் பண்ணிச் சொன்னோமே சார்" என்றார். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். அத்துடன் முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து வேலை தொடங்கியது. கொத்தனார் குளியலறைச் சுவரைக் கொத்தியபோது உள்ளே புதைந்திருந்த ஜி.ஐ. குழாய் வெளிப்பட்டது. 1986இல் வைத்தது. வளைவில் துருப்பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டைகள். ஆண்டுக்கணக்கில் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. "இது ஒங்க குழாய்ங்க சார். குடியிருக்கறவங்க இதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார் கொத்தனார். அவர் குறைசொல்லவில்லை, வேலையைப் பற்றிய ஒரு தகவலாகத்தான் சொன்னார். அதன் பின்னர் பட்டியலின் மற்ற வரிகளும் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. கதவு ஏன் உப்பியது? 2015 டிசம்பரில் அடையாறு கரையுடைத்து வந்தபோது அந்த வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அந்தக் குடும்பம் தன் பீரோவையும் அரிசி மூட்டையையும் இழந்தது. நாங்களோ எங்கள் கதவுக்கு அவர்களிடம் விலை கேட்டிருக்கிறோம். சுவர்களுக்கு வண்ணம் பூசிக் கடைசியாக எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தன? ஆறு. அவர்கள் குடிவருவதற்கு முன்பு பூசியது. யார் குடியிருந்தாலும், யாருமே இல்லாமல் பூட்டிக் கிடந்திருந்தாலும், மறுபடி பூசத்தான் வேண்டியிருந்திருக்கும்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "செவுத்துக்கா பணம் புடிச்சீங்க?" எங்கள் பெற்றோர் சொந்த வீடு கட்டுவதற்கு முன்பு திருவல்லிக்கேணியில் பத்தாண்டுகளுக்கு மேல் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்கள். அங்கேயும் ஆணி அடிக்கக் கூடாது. அம்மா நாட்காட்டியையும் சாமி படத்தையும் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். காற்றடித்தால் முருகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மனிதர் ஒரு வீட்டில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தால் என்ன ஆகும்? கதவு திறந்து மூடப்படும், கீல் தளரும். கைபடும் இடத்தில் சுவர் கறுக்கும். சென்னையின் உப்புத் தண்ணீரில் குழாய்த் திருகுகள் வெள்ளை பூத்து இறுகும். அடுப்புக்கு மேலே புகை படியும். தாத்தாவின் படத்தை எங்கேனும் மாட்டியாக வேண்டும். இவையெல்லாம் சேதம் அல்ல, வாழ்ந்ததன் தடயம். தமிழில் வாடகைக்குக் 'குடிக்கூலி' என்று ஒரு சொல் உண்டு. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. அந்தக் கூலி எதற்காக? வெறுமனே கூரைக்குக் கீழே நிற்பதற்காக அல்ல. அங்கே சமைத்து, குளித்து, பிள்ளை வளர்த்து, நோயுற்று, அதனால் வீடு தேய்வதற்கும் சேர்த்துத்தான். தேய்மானத்தின் விலை வாடகைக்குள்ளேயே இருக்கிறது. அதை மாதாமாதம் வாங்கிக்கொண்டு, கடைசியில் முன்பணத்திலிருந்தும் பிடிப்பது ஒரே பொருளை இரண்டு முறை விற்பதாகும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைதாரர் சொத்தைப் பெற்றபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, நியாயமான தேய்மானத்தாலும் தடுக்கவியலாத சக்தியாலும் நேரும் மாற்றங்களுக்கு விலக்கு அளிக்கிறது. எங்கள் சுவர் முதல் விலக்கில் அடங்கும். வெள்ளத்தில் ஊறிய கதவு இரண்டாவதில். நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் இருக்கும் ஒரு வரியைப் படித்திருந்தால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதியை நாங்கள் எழுதியிருக்கவே மாட்டோம்.

தேய்மானத்தைச் சேதம் என்று எண்ணும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தோம். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தச் சச்சரவு இவ்வளவு இருந்திருக்காது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது வீட்டின் ஆண்டு வழக்கம். ஆணித்துளை, அழுக்கு, கிறுக்கல் எல்லாவற்றையும் அந்த ஒரு பூச்சு மூடிவிடும், செலவும் பெரிதல்ல. புட்டி தேய்த்து எமல்ஷன் பூசத் தொடங்கிய பின் சுவர் ஒரு முதலீடாகிவிட்டது. பல ஆண்டுகள் தாங்க வேண்டும் என்று விலை கொடுத்து வாங்கிய வழவழப்பின் மீது விழும் ஒவ்வொரு கீறலும் உடைமையாளரின் நெஞ்சில் விழுகிறது. பொருள் விலையுயர்ந்ததாக ஆக, அதன் மீது மற்றவர் வாழ்வது பொறுக்க முடியாததாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சொல்வதுதான் எங்களுக்குக் கடினம். அந்த ஒரு லட்சம் ரூபாய் எங்களிடம் இருக்கவில்லை. வாங்கிய ஆண்டிலேயே புதிய மோட்டாருக்கும் எங்களில் ஒருவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் செலவாகிவிட்டது. முன்பணம் என்பது குடியிருப்பவரின் பணம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் பணம். ஆனால் பத்து மாத வாடகை மொத்தமாகக் கைக்கு வரும்போது அது வருமானம் போலவே தோற்றமளிக்கிறது. அவர்கள் காலி செய்கிறோம் என்று சொன்ன நாளில் நாங்கள் ஒரு லட்சம் ரூபாயைப் புரட்ட வேண்டியிருந்தது. அந்நிலையில் கையில் தாளும் பேனாவுமாக வீட்டைச் சுற்றிவருகிறவனின் கண்ணுக்கு ஒவ்வொரு கறையும் கடன் தள்ளுபடியாகத்தான் தெரியும். நாங்கள் சேதத்தைத் தேடவில்லை, பணத்தைத் தேடினோம். அடுத்த குடித்தனக்காரர் முன்பணம் கொடுத்த பிறகுதான் பழையவருக்குத் திருப்பித் தருவேன் என்று சொல்லும் நூற்றுக்கணக்கான வீட்டுக்காரர்களின் நிலையும் இதுதான் என்று நினைக்கிறோம். அவர்களில் பலர் தீயவர்கள் அல்லர். பிறர் பணத்தைச் செலவழித்துவிட்டவர்கள்.

இதில் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இருந்த தூரம் வியப்பானது. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்திலேயேதான் பத்து மாத முன்பணம் சென்னையின் எழுதப்படாத விதியாக வளர்ந்தது. நாங்கள் 2013இல் வாங்கியதும் அப்படித்தான். அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக, திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதற்கு அட்டவணையே இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வண்ணம், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. எங்கள் 38,000 ரூபாய்ப் பட்டியலை இந்த அட்டவணையோடு ஒப்பிட்டால் 31,000 ரூபாய், அதாவது வண்ணமும் குளியலறைச் சுவரும், நேராக எங்கள் பக்கம் வந்து விழும். நாங்கள் பணம் பிடித்த நாளில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பிற நாடுகளில் இதை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்த்தபோது இரண்டு செய்திகள் எங்களைக் கவர்ந்தன. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு, வைப்புத்தொகையை அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வைக்க வேண்டும். தகராறு என்று வந்தால் நடுவர் தீர்ப்பார். அது குடியிருப்பவரின் பணம் என்ற எண்ணத்திலிருந்தே விசாரணை தொடங்குகிறது. ஆகவே சேதத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் உரிமையாளர்தான். பழைய பொருளுக்குப் பதில் புதிய பொருளின் விலையைக் கேட்கவும் முடியாது. ஜப்பானில் இன்னும் நுணுக்கமாகப் போயிருக்கிறார்கள். அங்கே அரசின் வழிகாட்டு நெறிகள் ஆணியைப் பற்றியே பேசுகின்றன. நாட்காட்டி மாட்டக் குத்திய ஊசித்துளை சாதாரணப் பயன்பாடு. சுவர்ப்பலகையை மாற்ற வேண்டிய அளவுக்குப் பெரிய ஆணி, திருகாணித் துளை குடியிருப்பவரின் பொறுப்பு. சுவரில் ஒட்டும் தாளின் மதிப்பு ஆறு ஆண்டில் ஒரு யென்னாகக் குறைந்துவிடுவதாகக் கணக்கிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட குடிமைச் சட்டம், இயல்பான தேய்மானத்தைச் சரிசெய்யும் கடமை குடியிருப்பவருக்கு இல்லை என்பதை வெளிப்படையாகவே எழுதிவைத்துவிட்டது.

ஒரு யென் என்ற அந்தக் கணக்கை நம் வீட்டுக்குக் கொண்டுவருவது கடினமல்ல. 22,000 ரூபாய் செலவழித்து வண்ணம் பூசுகிறோம். அது ஐந்தாண்டு தாங்கும் என்று கொள்வோம். இரண்டாவது ஆண்டின் முடிவில் ஒருவர் சுவரையே பாழ்படுத்திவிட்டுப் போனால், மிச்சமிருந்த மூன்றாண்டின் மதிப்பான 13,200 ரூபாயைக் கேட்பது நியாயம். ஐந்தாண்டு கடந்துவிட்டால் கேட்க ஒன்றுமில்லை. எங்கள் வாஷ்பேசினும் பழையது. அதற்குங்கூட இந்தக் கணக்கின்படி சில நூறு ரூபாய்தான் கேட்டிருக்கலாம்.

இவ்வளவையும் சொல்லும்போது, குடியிருப்பவர்கள் சேதமே செய்வதில்லை என்று நாங்கள் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். எங்கள் பெரியம்மா ஒருவர் கணவரை இழந்தவர். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில்தான் மருந்து வாங்கினார். குடும்பத்தோடு இருப்பதாகச் சொல்லி வந்தவர்கள் சில மாதங்களில் அங்கே திருமணச் சமையல் ஒப்பந்தத் தொழிலையே தொடங்கிவிட்டார்கள். பெரிய அடுப்புகளின் வெப்பத்தில் சமையல் மேடையின் கடப்பைக் கல் இரண்டாகப் பிளந்தது. எண்ணெய் கொட்டிக் கொட்டிக் கழிவுநீர்க் குழாய் அடைத்து, முற்றத்தில் சாக்கடை நின்றது. கூரை கரிப்பிடித்துக் கறுத்தது. மின்கட்டண பாக்கியையும் வைத்துவிட்டு ஒரு நாள் இரவில் போய்விட்டார்கள். முன்பணம் செலவில் பாதிக்குக்கூடக் காணவில்லை. பெரியம்மா தம் வளையல் ஒன்றை அடகு வைத்துத்தான் வீட்டைச் சரிசெய்தார். வீட்டுக்காரர் என்றாலே பணக்காரர் என்ற எண்ணம் பிழை. ஓய்வூதியம் இல்லாத முதியவர்கள் பலருக்கு வாடகையே ஓய்வூதியம்; அவர்களுக்குச் சேதம் என்பது பட்டினிக்கு அருகில் இருப்பது.

ஆயின் பெரியம்மாவின் வழக்கையும் எங்களுடையதையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்தின் வேர். ஒப்பந்தத்தை மீறி வீட்டைத் தொழிற்கூடமாக்குவது சேதம். ஓடு பதித்த சுவரைக் கேட்காமல் துளைத்துக் குழாயை உடைப்பது சேதம். கசிவைக் கண்டும் சொல்லாமல் விட்டு, அது பெருகிச் சுவரையே தின்னவிடுவதும் ஒருவகையில் சேதமே. குழந்தையின் மெழுகுக் கிறுக்கலையும் இவற்றோடு ஒரே பட்டியலில் எழுதும்போது, உண்மையான சேதத்தைப் பற்றிய நம் புகாரும் வலுவிழக்கிறது. பெரியம்மா போன்றவர்களின் குரல் எடுபடாமல் போவதற்கு எங்களைப் போன்றவர்களின் பொய்ப் பட்டியல்களும் காரணம்.

'சேதம்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்னார் வந்தால் வீடு வீணாகிவிடும் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. அசைவம் சமைத்தால் வாடை ஏறும், இந்த மதத்தார் என்றால் அக்கம்பக்கம் ஒத்துக்கொள்ளாது, தனியாக இருக்கும் பெண் என்றால் யார் யாரோ வருவார்கள் என்றெல்லாம் சொல்லி மறுப்பவர்கள், சாதி கேட்டேன் என்று ஒப்புக்கொள்வதைவிட வீட்டைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்வது எளிது. எங்கள் வீட்டிலும் தரகர் ஒருவர் அந்த வடிகட்டலை எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம். நாங்கள் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அப்படியானால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? எங்களுக்கு இப்போது புரிந்தவரை, சேதத்தைக் கையாள்வது காலி செய்யும் நாளில் தொடங்குவதல்ல. குடிவரும் நாளில் தொடங்குவது. இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிவந்து, ஏற்கெனவே உள்ள விரிசல், கறை, தளர்ந்த கீல் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, படம் எடுத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். இது குடியிருப்பவருக்குத்தான் பாதுகாப்பு என்று நினைக்கலாம். உண்மையில், பெரியம்மாவிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவர் வழக்கு வேறாக இருந்திருக்கும். பழுது என்று சொன்னால் உடனே போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, வீட்டைப் பார்த்துவர வேண்டும். நம் வீடுதானே என்று கதவைத் தட்டிக்கொண்டு நுழையக் கூடாது. சட்டமே 24 மணி நேர அறிவிப்பு கேட்கிறது. காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே மீண்டும் சேர்ந்து பார்த்தால், தம் பொறுப்பில் உள்ளதைச் சரிசெய்துகொள்ள அவர்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும். பிடிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும்.

ஆசிரியரின் கதையை முடித்துவிடுகிறோம். குழாயைக் கண்ட பிறகும் உடனே பணத்தைத் திருப்பித் தரவில்லை. கையெழுத்து வாங்கியாயிற்று, அவர்களே கேட்கவில்லை, பழைய கணக்கை ஏன் கிளற வேண்டும் என்று எங்களுக்குள் ஒருவர் வாதிட்டார். மற்ற இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அந்த வாதத்தின் நிழலில்தான் இருந்தோம். அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டு மாதம் கழித்து, 2020 ஜனவரியில், வாஷ்பேசின் தொகையைக் கழித்து 35,500 ரூபாயோடு அவர் வீட்டுக்குப் போனோம். புதிய வீட்டின் முன்பணத்தில் குறைந்ததை ஈடுகட்ட, அவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தது அங்கேதான் தெரிந்தது. அதையும் அவர் சொல்லவில்லை. அவருடைய தாயார்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வட்டியையும் தருகிறோம் என்றபோது ஆசிரியர் வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு பணத்தை எண்ணி, அதிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து எங்களிடமே நீட்டினார். "சமையலறை ஜன்னல் கண்ணாடி ஒண்ணு எங்க பொண்ணு பந்து வெளையாடி ஒடைச்சுட்டா. மாத்தணும்னு இருந்தேன், காலி பண்ற அவசரத்துல விட்டுப்போச்சு. ஒங்க பட்டியல்லயும் அது இல்ல சார்" என்றார்.

அது உண்மைதான். அந்த ஜன்னலை நாங்கள் மூவரும் கடந்து போயிருந்தோம். அவர்கள் செய்யாத சேதங்களுக்கு 38,000 ரூபாய் எழுதிய எங்கள் கண்ணுக்கு, அவர்கள் செய்த ஒரே சேதம் தட்டுப்படவில்லை.

இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. முன்பணம் மூன்று மாதம். தனிக் கணக்கில் இருக்கிறது. சாவி கொடுத்த நாளில் புதிதாக வந்தவர், ஆணி அடிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கூடத்துச் சுவரில் பழைய துளைகளில் நான்கை மூடாமல் விட்டிருந்தோம், அவற்றைக் காட்டினோம். போதாவிட்டால் புதிதாகவும் அடித்துக்கொள்ளலாம் என்றோம். கதவோரப் பென்சில் கோடுகளின் மீது மட்டும் வண்ணம் பூச வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தார். அவை இன்னும் அப்படியே இருக்கின்றன.